ஆபரேஷனுக்கு அப்புறம் பொறந்தவன்

போன ஞாயித்துக்கிழமை எங்க லைன் ஊட்டுல ஒரு பஞ்சாயத்துங்க. எழுத்துக் கூட்டி எழுதறவ நான்... மெதுவாவே வாங்க.

அடுத்த ஊட்டுச் செல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு. பனியன் கம்பெனியில டெய்லர். ரெண்டு பொண்ணுக, ரெண்டும் சிசேரியன். மூணாவதை உடம்பு தாங்காதுன்னு டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லிட்டாங்க. ரத்தமும் கம்மி. அதனால இவளுக்கு இப்ப குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முடியாதாம். "உன் வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்"னு நர்சம்மா சொல்லியிருக்கு.

இதுக்கு எந்த ஆம்பளை சரின்னு சொல்லுவான்? அதிசயம் – அவ புருசன் முத்து சரின்னுட்டான்! செல்விதான் கூடாதுன்னு நிக்கறா.

"ஏங் கண்ணு, அவனுக்கே பயமில்லை. உனக்கென்ன?"

அக்கம்பக்கம் பாத்துட்டு மெதுவாச் சொன்னா. "ஆச்சி, அவுக பண்ணிக்கிட்ட பொறவு தப்பித்தவறி எனக்கு நாள் தள்ளிப் போச்சுன்னா... எங்க ஊர்க்காரங்க என்னைய என்ன பேச்சுப் பேசுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வரலீங்க. அந்தப் பேச்சை வாங்கினவ நான்.

அப்ப எங்கூட்டுக்காரரு நிட்டிங் மிஷின் ஓட்டிட்டிருந்தாரு. தலையெல்லாம் பஞ்சுத் தூசியோட வருவாரு. எங்களுக்கு மூணு குழந்தைக. ஒரு நாள் சாயந்தரம் கையில நீலக்கலர் பிளாஸ்டிக் வாளியோட வந்து நின்னாரு. "கேம்ப்புல முடிச்சுட்டேன்"னாரு. வாளி அவங்க குடுத்தது. வீரபாண்டியில எங்க வீதிக்கே அதுதான் மொதோ பிளாஸ்டிக் வாளி! அதைத் தூக்கிட்டு நெஞ்சை நிமித்தித் தண்ணிக்குப் போவேன். "குடுத்து வெச்சவ"ன்னு பொம்பளைக பெருமூச்சு விடுவாங்க.

அந்தப் பெருமை ரெண்டு மாசந்தானுங்க. தலை சுத்துச்சு... வாந்தி.

முடிச்சாச்சுன்னா முடிஞ்சுதுன்னு நெனைச்சுட்டோம். மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கோணும், அப்புறம் டெஸ்ட் பண்ணோணும்னு கேம்ப்புல சொல்லித்தான் விட்டிருக்காங்க. வாளி கெடைச்ச சந்தோசத்துல மனுசன் காதுல ஏறலை!

வீதியே விரல் விட்டு எண்ணுச்சு. கிணத்தடிக்கு நான் போனா பேச்சு நின்னுரும். எம்மாமியா சோத்தைத் தள்ளி வெச்சுட்டு மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. டீக்கடையில ஒருத்தன் எங்கூட்டுக்காரருகிட்டயே கேட்டுட்டான் – "ஏனப்பா, வாளி ஓட்டையா?"

என்ன பண்ணினாருன்னு நெனைக்கறீங்க? நேரா டாக்டருகிட்டப் போயி வெவரம் கேட்டாரு. திரும்பி வந்து அதே கடை முன்னால நின்னாரு. "டாக்டர் பொறுக்கச் சொன்னாரு, பொறுக்காதது நான். அது எங்கொழந்தை. சந்தேகம் இருக்கறவன் எங்கிட்ட வா."

எம்மாமியா அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிட்டு உக்கார வெச்சு, தலைக்கு எண்ணெய் வெச்சு உட்டாங்க. அந்தக் கை சூடு இன்னும் உச்சியில இருக்குது.

அப்படிப் பொறந்தவன் ஊட்டுலதான் இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் இருக்கறோம். மத்த மூணும் ஆளுக்கொரு திக்குல...

செல்விகிட்ட இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "அப்ப டெஸ்ட்டுக்குப் போவாம இருந்தா வயசான காலத்துல சோறு கெடைக்கும்ங்கீகளா ஆச்சி?"

வாயாடி!

வாசல்ல நின்னு முத்து அத்தனையும் கேட்டிருக்கான். எங்களுக்குத் தெரியாது. சாயந்தரம் தண்ணி வந்துச்சு. குழாயடியில எங்க லைன்லயே குடியிருக்கற அவங்க ஊர்ப் பொம்பளைக எல்லாரும் குடத்தோட நிக்கறாங்க. நடுவுல போயி நின்னான்.

"புதங்கெழமை நான் ஆபரேஷன் பண்ணிக்கிடப் போறேன். அப்புறமும் மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கணுமாம். அதுக்குள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா தப்பு என்னுது. அவளை யாரும் ஒரு வார்த்தை பேசப்படாது."

குடம் ரொம்பி வழியுது... குழாயை மூட யாருக்கும் தோணலை. செல்வி மூஞ்சியப் பொத்திட்டு உள்ள ஓடிட்டா. சித்த நேரம் கழிச்சு வந்து, "நானும் லீவு போட்டு வாரேன்"னா. புதங்கிழமை ஜோடியாப் போயிட்டு வந்தாங்க.

ஆபரேஷன் யாரு பண்ணிக்கிட்டாலும் ஏச்சு வாங்கறது பொம்பளைதான்... எங்க லைன்ல இனி இல்லீங்க.