டாக்டர் யுனுவேனின் பன்றித் தொண்டைப் பாடம்

உருவாபன் நகரத்தில் யாரை நிறுத்திக் கர்னித்தாஸ், அதாவது கொழுப்பிலேயே வேகவைத்த பன்றிக்கறி, எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டாலும், அபுந்தியோ மகயோன் கடைக்குத்தான் வழி சொல்வார்கள். அந்த அபுந்தியோ நான்தான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினோரு வயதில் அடுத்தவன் கொப்பரைக்கு விறகு தள்ளினேன். இன்று எனக்குச் சொந்தமாக நாலு செப்புக் கொப்பரை, ஒரு பிக்கப் வண்டி, பெரிய அரசு மருத்துவமனைக்கு நேரெதிரே கடை. பன்றிக் கொழுப்பில் தொடைக்கறி வெந்துவிட்டதா என்று கரண்டி போட்டுப் பார்க்க மாட்டேன், சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.

ஆனால் நான் எழுத வந்தது டாக்டர் யுனுவேன் எகிவாவைப் பற்றி. அவள் கதையில் ஒரு தப்பு நடந்தது. அதில் என் கத்திக்கும் பங்கு உண்டு. கத்தியைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறவன் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

யுனுவேன் பராச்சோ ஊர்ப் பெண். அவசர சிகிச்சையில் மூன்று வருடப் பயிற்சிக்கு இங்கே வந்தாள். முதல் வருடக்காரர்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளுவார்கள், ரத்தம் எடுப்பார்கள், திட்டு வாங்குவார்கள். சின்னத் தப்புக்கும் தண்டனை டியூட்டி உண்டு, அதாவது வீட்டுக்குப் போகாமல் இன்னொரு முழு நாள் வேலை. தலைமை டாக்டர் பர்ரகான் கெட்டிக்காரர்தான். ஆனால் நடைவழியில் அறுபது நோயாளிகள் படுத்திருக்கும்போது அவர் யாருக்குப் பாடம் எடுப்பார்? அதனால் இவள் கைபேசியில் படித்தாள். உலகம் முழுக்க டாக்டர்கள் இலவசமாகப் பாடம் போடுகிறார்களாம். என் கடை வரிசையில் நிற்கும்போதும் ஒரு காதில் ஒயர் தொங்கும்.

"காதுல என்னம்மா, பாட்டா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இல்ல டோன் அபுந்தியோ, பாம்புக்கடி." பெரியவர்களை இங்கே 'டோன்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"அதக் கேட்டுக்கிட்டே என் கறியத் திங்கிறியா?"

"நேத்து பேதி பாடம். அப்பவும் தின்னேன்."

இரண்டாம் வருடம் அவளே பாடம் எடுக்க ஆரம்பித்தாள். "வெளிநாட்டு டாக்டருங்க 'இந்தப் பெட்டியத் திறங்க'ன்னு சொல்றாங்க. எங்க அலமாரியில பெட்டியே கிடையாது. இருக்கிறத வெச்சு என்ன பண்றதுன்னு யாராவது சொல்லணும்ல?" என்றாள். பாடங்களுக்கு 'நடைவழி வகுப்பு' என்று பெயர் வைத்தாள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். எங்கே படம் பிடித்தாள் தெரியுமா? மத்தியானம் மூன்று மணிக்குக் கடை முடிந்ததும் நான் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து வைக்கும் என் கல்மேசையில். அறுவை சிகிச்சை அறையில்கூட அவ்வளவு சுத்தம் இருக்காது.

அந்தப் பாடங்களை அதிகம் பார்த்தவர்கள் மலைக் கிராமங்களில் ஒரு வருடக் கட்டாயச் சேவைக்குப் போன இளம் டாக்டர்கள். அங்கே சிக்னல் இருக்காது. வாரத்துக்கு ஒருமுறை குன்றின் மேல் ஏறி, பாடத்தை இறக்கி, வாட்ஸ்அப்பில் ஒருவர் அடுத்தவருக்கு அனுப்புவார்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் அது அந்தக் கைபேசியில் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் வந்து, "ஒரு பன்றித் தொண்டை வேணும்" என்றாள். முகம் வீங்கி, வாய் வழியாகக் குழாய் விட முடியாமல் மூச்சு அடைத்துக்கொண்டால், கழுத்தில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு அந்த வழியாகக் குழாய் விட வேண்டுமாம். பன்றித் தொண்டை மனிதத் தொண்டை மாதிரியே இருக்குமாம்.

"ஒண்ணு எதுக்கு? ஆறு தர்றேன்" என்றேன்.

என் மனைவி சொக்கோரோ கல்லாவில் இருந்தபடியே, "இவ படிச்சு முடிக்கிறதுக்குள்ள கடையவே ஆஸ்பத்திரிக்கு எழுதி வெச்சிடுவ கிழவா" என்றாள்.

ஆறையும் நானே சுத்தம் செய்தேன். ஒரு நரம்பு தொங்கவில்லை, ஒரு பொட்டுக் கொழுப்பு இல்லை. மேலே புடைப்பாக இருக்கிற குருத்தெலும்பை நேர்த்தியாகச் சீவி எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதலில் தீர்ந்துபோவது அந்தக் குருத்துதான், பல்லில் மொறுமொறுவென்று இருக்கும். சீவியதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவளும் தொண்டையை அதற்கு முன் படத்தில் பார்த்ததோடு சரி. அதன் மேல் பன்றித்தோலைப் போர்த்தி, தடவி, வெட்டி, குழாய் விட்டுக் காட்டினாள். மூன்று வாரத்தில் பதினாலாயிரம் பேர் பார்த்தார்கள். வந்த ஒவ்வொருவரிடமும் "அந்த மேசை என்னுது" என்று சொன்னேன்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, வரிசை தெரு முனை வரை நிற்கும்போது, வெள்ளைக் கோட்டோடு சாலையைக் கடந்து வந்தாள்.

"டோன் அபுந்தியோ, அந்தத் தொண்டைக்கு மேல ஏதாவது வெட்டினீங்களா?"

"சுத்தம் பண்ணித்தான கொடுத்தேன். மேல இருக்கிற குருத்து வியாபாரத்துக்குப் போயிடும்."

அவள் என் கையைப் பிடித்து என் விரலையே என் கழுத்தில் வைத்தாள். "இந்தப் பெரிய புடைப்பு தெரியுதா? அதுக்குக் கீழ ஒரு பள்ளம். அதுக்கும் கீழ ஒரு வளையம். வெட்ட வேண்டியது அந்தப் பள்ளத்துல. நீங்க கொடுத்ததுல புடைப்பும் இல்ல, பள்ளமும் இல்ல. நான் வளையத்தப் புடைப்புன்னு நெனச்சு அதுக்குக் கீழ வெட்டிக் காட்டியிருக்கேன். அங்க வெட்டினா ரத்தம் கொட்டும், வழியும் கெடைக்காது." வேறு ஊரிலிருந்து ஒரு கால்நடை டாக்டர் பாடத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தாராம்.

வரிசையில் இருந்த ஒருவன், "எனக்கு அரைக் கிலோ, குருத்தோட" என்றான். அவனுக்கு நிறுத்துக் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் டாக்டர் பர்ரகான் சாப்பிட வந்தார். அவள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அழிச்சிடு. அவ்வளவுதான்" என்றார் அவர், கறி மடித்த டாக்கோ ரொட்டியைக் கீழே வைக்காமலே.

"இங்க அழிச்சா மலையில அழியாது டாக்டர். அவங்க கைபேசியில இருக்கு."

"அப்ப உன் பேரப் போட்டு தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லப் போறியா? எங்கிட்டக் கேக்காம பாடம் போட்டதுக்கே நிர்வாகம் உன்னப் பயிற்சியிலிருந்து எடுக்கலாம். பராச்சோவுக்குத் திரும்பிப் போய் என்ன பண்ணுவ?"

"மலையில ஒருத்தன் தப்பான எடத்துல வெட்டினா, அவன் என்ன பண்ணுவான்?"

அவர் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னது எதுவும் என் காதுல விழல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

புதுப் பாடத்தை அன்றைக்கே எடுத்தோம். இரண்டே நிமிடம், குன்றின் மேல் சட்டென்று இறங்க வேண்டும் என்பதற்காக. மேசையில் இரண்டு தொண்டைகள், ஒன்று சீவியது, ஒன்று முழுசு. அவள் தன் முழுப் பெயரையும் சொல்லித்தான் ஆரம்பித்தாள். நான், "வெட்டினது நான்தான்னு என்னையும் படத்துல சொல்ல விடு" என்றேன்.

"நீங்க கறி வெட்டினீங்க. சரியாப் பாக்காம பாடம் எடுத்தது நான்" என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் படம் அவளுடையது.

நிர்வாகம் கூப்பிட்டது. பர்ரகான் உள்ளே போய் என்ன பேசினாரோ தெரியாது. எழுத்தில் ஓர் எச்சரிக்கை, பன்னிரண்டு தண்டனை டியூட்டி, அதோடு விட்டார்கள். ஒவ்வொரு டியூட்டிக்கும் நடுவே என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, பழைய பாடத்தை வாங்கிய மருத்துவ நிலையங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் செய்தி அனுப்பினாள். அறுபத்தொரு இடம். அறுபது இடத்திலிருந்து "பழையத அழிச்சாச்சு, புதுசு வந்துடுச்சு" என்று பதில் வந்தது. லாஸ் அனோனாஸ் என்ற ஊரிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

"ஞாயித்துக்கிழம எனக்கு லீவு. பஸ் எங்க வரைக்கும் போகும்?" என்று கேட்டாள்.

"பஸ் பாதி வழியிலேயே நின்னுடும். என் வண்டி போகும்" என்றேன்.

முப்பத்தொரு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை நான் கடையில் இல்லாதது அதுதான் முதல் தடவை. "மக பிரசவத்துக்குக்கூட நீ கடைய விட்டு வரல" என்றாள் சொக்கோரோ. சொல்லிவிட்டு வழிக்கு மூன்று கிலோ கறியைக் கட்டிக் கொடுத்தாள்.

நாலு மணி நேரம், கடைசி ஒன்றரை மணி நேரம் ஆற்றுக் கல்லின் மேல். லாஸ் அனோனாஸில் இருந்த டாக்டர் பெயர் ஃபிதென்சியோ, தாடி இன்னும் சரியாக முளைக்காத முகம். கைபேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதாம். ஆனால் அதற்கு முன்பே பழைய பாடத்தைப் பார்த்து, ஓர் அட்டையில் கழுத்து வரைந்து, தப்பான இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தான். கீழே ஒரு பையில் கத்தியும் குழாயும் தயாராகத் தொங்கின.

யுனுவேன் யார் என்று தெரிந்ததும் அவனுக்கு ஒரே சந்தோஷம். "டாக்டர், உங்க பாடம் ஒரு ஆளுக்குக் கை குடுத்திருக்கும். நாலு நாளைக்கு முன்னாடி ஒருத்தரக் குளவி கொட்டி முகமெல்லாம் வீங்கிப் போயி இங்கக் கொண்டுவந்தாங்க. கத்திய எடுத்துட்டேன். கடைசியா ஒரு ஊசி போட்டுப் பாப்போம்னு போட்டேன், மூச்சு வந்துடுச்சு. இல்லேன்னா வெட்டியிருப்பேன்."

அவள் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அந்த அட்டையக் கழட்டுங்க டாக்டர்" என்றாள்.

நான் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். அவன் விரலால் என் கழுத்தைத் தடவி, முதலில் கீழே போனான். "மேல, மேல. பெரிய புடைப்ப முதல்ல கண்டுபிடி" என்றாள் அவள். மூன்றாவது தடவை பள்ளத்தில் விரல் நின்றது. அங்கே பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம் இடது கையால் தேடச் சொன்னாள். சொக்கோரோ கட்டிக் கொடுத்த கறியை அங்கே சுட வைத்திருந்தார்கள், அது மறுபடி ஆறுகிற வரைக்கும் நான் படுத்தே கிடந்தேன்.

இப்போது என் கடையில் தொண்டை முழுசாகத்தான் தொங்கும். ஞாயிற்றுக்கிழமைக் குருத்து வேண்டும் என்கிறவர்கள் அடுத்த தெருவுக்குப் போகலாம். அந்த மைக்கோடு நாலு நாள் என் கழுத்தில் இருந்தது. என்ன அது என்று கேட்ட ஒவ்வொருவருக்கும், வரிசை நின்றாலும் பரவாயில்லை என்று, நான் எங்கே சீவினேன் என்பதிலிருந்தே ஆரம்பித்துச் சொன்னேன்.