அம்மா சொல்லாத சாட்சி

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்குப் பஞ்சு மிதக்கும் வெளிச்சம்தான். நெருப்பெரிச்சல் என்ற ஊரில், பனியன் துணி பின்னும் மெஷின்கள் ஓடும் கட்டடம் ஒன்றின் மாடியில் எங்கள் சபை கூடும். அன்று கீழே மெஷின்கள் ஓய்ந்திருக்கும். ஆனாலும் பஞ்சுத் துகள்கள் படிக்கட்டு வழியே ஏறிவந்து, ஜன்னல் வெயிலில் இறங்க மனமில்லாமல் அலையும். பாட்டுகளின் நடுவே அவற்றையே பார்த்தபடி பாதித் தூக்கத்தில் இருப்பேன். தேவதூதர்கள் பனியன் துணிதான் உடுத்தியிருப்பார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர், அம்மா அங்கே துணி செக்கிங். தம்பிக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஒருமுறை சபைக்கு வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்து அவன் தலையில் கைவைத்து உருக்கமாக ஜெபித்தார். மறுநாள் காலை அம்மா பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது தம்பி "ம்மா" என்றான். டம்ளர் அம்மா கையிலிருந்து நழுவி விழுந்தது. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.

மின்விசிறி சுற்றினாலும், வாசலில் கம்பெனி வேன் வந்து நின்றாலும் அவன் அதே சத்தம்தான் போடுவான். ஆனால் எங்கள் வீடு அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததேயில்லை. அந்தச் சந்தோஷத்தில் மின்விசிறியை யார் நினைப்பார்கள்?

அடுத்த ஞாயிறு அம்மா நடந்த அற்புதத்தை எல்லார் முன்னாலும் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டுக்கொண்டார். அம்மா சொல்ல வேண்டியதைப் பாடம் போல முணுமுணுத்துப் பழகினாள். நாளாக ஆக அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"நெசமாவே என்னயத்தான் கூப்புட்டானா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

"சந்தேகப்படாத. விசுவாசத்தோட சொல்லு, சொல்லச் சொல்ல நடக்கும்" என்றார் அப்பா.

அந்த ஞாயிறு மாடி நிரம்பியிருந்தது. கடைசி வரிசையில், நெற்றியில் குங்குமத்தோடு, எங்கள் வீட்டு ஓனர் அக்கா உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. மடியில் அவருடைய மகள். அவளுக்கும் தம்பி வயதுதான், அவளும் பேசமாட்டாள்.

அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். முதல் இரண்டு வரி நன்றாகவே வந்தது. நானும் வாய்க்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் கண் கடைசி வரிசைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"தம்பி என்னயக் கூப்புடல" என்றாள் அம்மா. "அவன் எப்பவும் போடுற சத்தம்தான் அது. எனக்கு அவ்வளவு ஆசை, அதான் காதுல அப்படிக் கேட்டுச்சு. அவன் இன்னும் பேசல. எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் மைக்கை வாங்கிக்கொண்டு, அது வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தார். விசுவாசக் குறைவு என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். அப்பா கூட்டம் முடியும்வரை தலை நிமிரவில்லை.

படிக்கட்டில் ஓனர் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குப் பாப்பாவைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போறதா இருந்தோமுங்க. உங்க பையன் பேசீட்டான்னு கேட்டு, இனி அதெதுக்குன்னு நிறுத்தீட்டு இங்க வந்தேன். இப்பப் போகலாம்னு இருக்கேனுங்க. பையனையும் தூக்கீட்டு வாங்க, நம்ம கார்லயே போயிட்டு வந்தர்லாம்."

போனோம். தம்பிக்குக் காதுதான் கேட்கவில்லை என்று அங்கே சொன்னார்கள். காதுக்கு மெஷின் வைத்து, பயிற்சிக்குப் போய், வெகு நாள் கழித்து அவனுக்குச் சொற்கள் வந்தன. கொஞ்சம் வளைந்து வரும், ஆனால் வரும்.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிறு மத்தியானம் அம்மா அடுப்படியில் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தாள். பாடம் மறந்துபோன வெட்கம் என்றுதான் நான் நினைத்தேன். பள்ளி மேடையில் எனக்கும் அப்படி ஆகியிருந்தது. பக்கத்தில் போய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா. அடுத்த வாரம் மறக்காம முழுசாச் சொல்லிரலாம். நான் முன்னால உக்காந்து எடுத்துக் குடுக்கேன்."