திரேசம்மாவுக்கு நீண்ட இடக்கை

திரேசம்மா ரீச்சர் காலமான செய்தியைக் கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் பள்ளிக்கூடப் பியோன்தான் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தான். செய்தி எனக்கு, அழுதது என் மகள் கமலி. நான் போனாலும் இவள் இப்படி அழுவாளா என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவரோடு படிப்பித்தவர்களுக்கும், அவரிடம் பிள்ளைகளை விட்ட தாய்மாருக்கும் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலர் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சீமையிலிருந்து வந்த புத்திப் பரீட்சையை நாங்கள் இருவரும்தான் வைத்தோம். தேறாத பிள்ளை மந்த வகுப்புக்குப் போகும். போன பிள்ளை திரும்பி வந்ததை நான் கண்டதில்லை. முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். கேள்விகளை எழுத்துப் பிசகாமல் கேட்பேன். பிள்ளைகள் வாயில் கொழுக்கட்டையோடு இருப்பார்கள். திரேசம்மா பாயில் சப்பாணி கட்டி உட்கார்ந்தால் போதும், ஊமையும் பேசும். எரிச்சல் வராதா?

கமலியின் முறை வந்தது. தாய் மகளைச் சோதிக்கக்கூடாது என்று அவரிடம் விட்டார்கள். அதற்கு முதல் நாள் வீட்டில் நானே கேட்டுப் பார்த்தேன். "இடக்கையைக் காட்டு" என்றால் வலக்கையையே நீட்டினாள். என் பிள்ளை மந்தம் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கதவோரம் நின்று பார்த்தேன். திரேசம்மா இடக்கையைக் கேட்டபோதும் கமலியின் வலக்கைதான் நீண்டது. அவர் பிழை போடவில்லை. ஒரு துணிப்பொம்மையை அவள் மடியில் இருத்தி, "இந்தப் பிள்ளையின்ர இடக்கை எது?" என்றார். கமலி சட்டென்று சரியாகத் தொட்டாள்.

"அப்ப ஏனம்மா உன்ர கையைக் காட்டேல்லை?"

"பெரியாக்களுக்கு இடக்கை நீட்டக்கூடாது. அம்மா அடிப்பா."

"எனக்கு நீட்டலாம். நான் அடிக்கமாட்டன்."

மெதுவாக இடக்கை வந்தது. அவர் அதைப் பிடித்துக் குலுக்கினார்.

பிள்ளை தப்பியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வெளியே வந்தவரிடம், "புத்தகத்தில பொம்மை இல்லையே" என்றேன்.

"பரிமளம், புத்தகம் எழுதினவைக்கு எங்கட அம்மாமாரைத் தெரியாது" என்றார். "பிள்ளை பிழை விட்டா, கேள்வியை ஒருக்காத் திருப்பிப் பாரும்."

அதன்பிறகு எங்கே கண்டாலும் "எங்க, அந்தக் கை?" என்பார். இவள் இடக்கையை நீட்டுவாள். இருவரும் குலுக்கிக்கொண்டு சிரிப்பார்கள். நான் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். பத்து மாதம் சுமந்தவள் நான், அந்தக் கை அவருக்கு. வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

செத்த வீட்டில், பெட்டி மூடுவதற்கு முன் கமலி பூ வைத்தாள், இடக்கையால். யாரோ ஒரு அம்மா முகம் சுளித்தார். "அவள் சரியாத்தான் வைக்கிறாள்" என்றேன்.

அவருடைய நினைவாக அந்தத் துணிப்பொம்மையை எனக்குத் தந்தார்கள். வெள்ளவத்தைக்கு ரயிலில் திரும்பும்போது அது என் மடியில் இருந்தது. இனி என் பரீட்சைகளிலும் அது இருக்கும். கமலி ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். மனம் கேட்காமல், "எங்க, அந்தக் கை?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு மரியாதையாக வலக்கையை நீட்டினாள்.