அமைதிக்காக வாங்கிய வீடு

ஒன்பது வருடம் நகரத்துக்குள், லின்ஃபீல்டில் வாடகை வீட்டில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மகளோடு காருக்குள் ஏறியதும் மனைவி தன் போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இஞ்சை பாருங்கோப்பா, எவ்வளவு வடிவாக் கிடக்கு."

வீடு விற்பனை விளம்பரம். முதல் படத்தில் இரண்டு சிவப்பு வைன் கிளாஸ்கள், பின்னால் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். வீட்டைத்தான் காணவில்லை. ஆறாவது படத்தில் கூரையின் ஒரு மூலை தெரிந்தது. இடம் குமேயு, நகரத்தின் விளிம்பில் வெஸ்ட்கேட் கடைத்தொகுதிக்கும் அப்பால் வைனுக்குப் பெயர்போன சிற்றூர். நாங்கள் இருவரும் வைனைத் தொட்டது திருவிருந்தில் மட்டும்தான். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்ததும், பரம்பரை பரம்பரையாக மாலை நேரத்தில் கிளாஸைச் சுழற்றி முகர்ந்து பார்த்த குடும்பம் நாங்கள் என்று தோன்றிவிட்டது.

மனைவியின் அக்கா எப்சத்தில் இருக்கிறார். நல்ல பள்ளிக்கூடத்துக்காக நெருப்புப்பெட்டி அளவு வீட்டில் ஐந்து பேர் வாழ்வதைப் பெருமையாகச் சொல்பவர். போனில் கேட்டார்: "அங்கை ஆர் இருக்கினம்?"

"திராட்சை" என்றேன்.

"உங்களுக்கு விசர்" என்று வைத்துவிட்டார்.

வீடு பார்க்கப் போனது குளிர்காலத்தில். வெள்ளைச் சப்பாத்து அணிந்த ஏஜென்ட், சேற்றில் கால் படாமல் பின்கட்டில் நின்றபடி, "காதைக் கொடுத்துக் கேளுங்கள்" என்றார். கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. "அதைத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள்" என்றார். வெஸ்ட்கேட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றும் சொன்னார். எந்தக் காலத்துப் பன்னிரண்டு நிமிடம் என்று நான் கேட்கவில்லை. வீடு பார்க்க வந்திருந்த மற்றவர்களும் வேலிக்கு அப்பால் இருந்த மொட்டைக் கொடிகளைக் கண்கலங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்க்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

வாங்கினோம். வசந்தத்தில் குடிபோனோம். காலையில் வேலைக்குப் போகிற பாதையில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. இயற்கையின் மடியில் வாழ வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் காரின் பின்பக்கத்தை மற்றவர் பார்த்தபடி நிதானமாக வாழ்ந்தோம்.

கோடை முடிகிற நேரம், திராட்சை பழுக்கத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை விடியற்காலை வேலிக்கு அப்பால் 'டமார்' என்று ஒரு வெடி. அதற்குப் பிறகு இரண்டு.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் வளர்ந்தவர்கள். மூளை விழிக்குமுன் உடம்பு விழித்துவிட்டது. "படுங்கோ!" என்று கத்திய மனைவி, தூக்கத்தில் இருந்த மகளை இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள். நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன். எட்டு வயது மகள், இந்த நாட்டிலேயே பிறந்தவள், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"டாட், வாட் ஆர் வீ டூயிங்?"

மனைவியின் கை என் சட்டையை விடவில்லை.

வெளிச்சம் வந்ததும் அவளே எழுந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வேலியைச் சுற்றித் திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரரின் வீட்டுக்கு நடந்தாள். நானும் மகளும் பின்னால் ஓடினோம். கதவைத் திறந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர்.

"அது பறவைகளை விரட்டும் காஸ் துப்பாக்கி, குண்டு எதுவும் இல்லை. ஏஜென்ட் உங்களுக்குச் சொல்லவில்லையா?" என்றார்.

"அவர் எங்களைக் குளிர்காலத்தில்தான் கூட்டிவந்தார்" என்றேன்.

மனைவி சிரிக்கவில்லை. போருக்குள் வளர்ந்ததை, மேசைக்கு அடியில் கிடந்ததை, ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பேசும் இங்கிலீஷில், நோயாளியின் நிலைமை சொல்வதுபோல, அப்படியே சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு, "பார்க்க விருப்பமா?" என்று கேட்டார்.

மூன்று கால்களில் நின்ற ஒரு குழாய், பக்கத்தில் காஸ் சிலிண்டர். அவ்வளவுதான். மனைவி அதைச் சுற்றி நடந்தாள். குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கே நான் பயந்தனான்?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஓம். நானும்தான். உனக்கு முதலே மேசைக்குக் கீழை போனது நான்."

அப்போதுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அவர் அதைத் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றுவதாகச் சொன்னார். அப்படியானால் எங்கள் பக்கத்து வரிசைகளுக்கு மட்டும் பறவை வராமல் வலை போட வேண்டும், ஆள் போதாது என்றார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூவரும் போய் வலை இழுத்தோம். குமேயுவில் வீடு வாங்கினால் கிடைக்கும் வாழ்க்கை என்று எந்த விளம்பரமும் காட்டாத படம் அது: முதுகு நோக, கழுத்தில் வெயில் சுட, வாயில் திராட்சைத் தோலோடு நாங்கள்.

கடைசி வரிசையை மூடியபின் பார்த்தால் உள்ளே ஒரு மைனா சிக்கியிருந்தது. மனைவி, கட்டிய முடிச்சுகளில் நாலை அவிழ்த்து, வலையைத் தூக்கிப் பிடித்தாள்.

"போ ராசா, போ" என்றாள்.

மைனா அவசரப்படவில்லை. இன்னும் இரண்டு பழத்தைக் கொத்திவிட்டுத்தான் வெளியே போனது. தோட்டக்காரர் தலையில் கையை வைத்தார்.