தம்பி காலில் இருந்த கிருமி

சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல உங்கள் முன் நிற்கிறேன். கேட்க இனிப்பாக இருக்காது.

நான் பல்கலைக்கழகத்தில் கிருமிகளை ஆராய்கிறவள். சில கிருமிகள் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, தங்கள்மேல் வழவழப்பான படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். மருந்து அதற்குள் எளிதில் போகாது. அந்தப் படலம்தான் என் ஆராய்ச்சி.

போன மழைக்காலத்தில், ஊரில் விவசாயம் பார்க்கும் என் தம்பி சேவியர் சித்தேரி மலைப்பாதையில் வண்டியோடு விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து உலோகப் பிளேட் வைத்தார்கள். புண் ஆறவில்லை. சீழ் பிடித்தது. பரிசோதனையில் கிருமியின் பெயர் வந்தது. நான் ஆய்வகத்தில் வளர்க்கும் அதே கிருமி.

அது எல்லார் தோலிலும் இருக்கக்கூடியதுதான். ஆனால் நம் செபக்கூட்டத்து அக்கா ஒருவர், நான்தான் ஆய்வகத்திலிருந்து அதைத் துணியில் ஒட்டவைத்துக் கொண்டுவந்திருப்பேன் என்றார். இன்றும் இங்கே இருக்கிறார். அவருக்காகச் செபிக்கிறேன், முழு மனதோடு இன்னும் முடியவில்லை.

அம்மா அதை நம்பினாள். வார்டு வாசலில் என்னைத் தடுத்தாள்.

"உள்ள வராத. எம்புள்ளைய நீ தொடாத."

நானும் அவள் பிள்ளைதான்.

பிளேட்டை எடுத்தும் கிருமி எலும்பை விடவில்லை. ரத்தத்தில் கலந்தது. காலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தம்பி சம்மதிக்கவில்லை. காலில்லாமல் காட்டில் என்ன வேலை செய்வேன், செத்தே போகிறேன் என்றானாம். நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை அவன் காலைத்தான் கேட்டுச் செபித்தேன். அன்று, "கால் போகட்டும் ஆண்டவரே, அவன் மனசை மாத்துங்க" என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் அவனே என்னைக் கூப்பிட்டான். அம்மா விலகி நின்றாள்.

"அக்கா, இதெல்லாம் உனக்குத்தான் தெரியும். பொய் சொல்லாத. காலு தப்புமா?"

"தப்பாது சேவியரு. கால வெச்சிருந்தா நீ இருக்க மாட்ட."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். திரும்பாமலே, டாக்டரை வரச் சொல்லு என்றான்.

கிருமி முழங்காலைத் தாண்டியிருந்ததால் தொடையோடு எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது.

இப்போது செயற்கைக் காலோடு நடக்கிறான். நான் சொன்னதால்தான் கால் போனது என்று ஒருநாள் சொன்னான். கோபமில்லாமல்தான் சொன்னான். அதுதான் வலித்தது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது அம்மா என் பக்கம் திரும்புவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வந்தவள் நான். இப்போது தினமும் வருகிறேன், நன்றி சொல்ல. உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். கேட்டது கேட்டபடி வராமல் போகலாம். வருவது உங்களை அறுத்துக்கொண்டும் வரலாம். இருந்தாலும் கேளுங்கள். என் தம்பி உயிரோடு இருக்கிறான்.