கராஜ் கதவில் ஒரு நீல நாடா

வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் செய்தி வந்தது. "மரியதாஸ் அண்ணை போயிட்டாராம். நித்திரையிலேயே ஹாட் அற்றாக்" என்றான் பக்கத்தில் இருந்தவன். ஐயோ என்று எல்லோரும் எழும்பினார்கள். எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, வெட்கம். அந்தப் பனிக்காலம் முழுக்க நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அவரோடு வெயர்ஹவுஸில் வேலை செய்த உங்களுக்கும், ஞாயிறு பூசையில் சுருதி விலகினாலும் குரலை விடாத அவர் பாட்டைக் கேட்டவர்களுக்கும் நான் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. மன்னார்க்காரர், எங்களைப் போலப் பொதி ஏற்றுகிறவர், இங்கே கனடாவில், ஸ்ரௌவ்வில்லில் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர். "நீங்கள் ரெண்டு பேரும் நல்ல ஒட்டு, நீரே எழுதும்" என்று இந்த அஞ்சலிக் குறிப்பை என்னிடம் தந்துவிட்டீர்கள். ஆளைத் தெரியாமல் தந்துவிட்டீர்கள்.

போன இலையுதிர்காலத்தில் நான் ஒரு பிக்கப் ட்றக் வாங்கினேன். பிக்கப்புகளுக்கு முன்பக்கம் கொஞ்சம் பதிந்திருக்கும். அதை இரண்டு அங்குலம் உயர்த்திப் பின்பக்கத்துக்குச் சமமாக்க லெவலிங் கிற் என்று ஒன்று விற்கிறார்கள். முன் ஸ்பிரிங்குக்கு மேலே வைத்துப் பூட்டும் இரும்புத் துண்டுகள், அவ்வளவுதான். அது தேவையா என்று கேட்டால், இல்லை. எடுப்பு! வேறென்ன?

வீட்டிலேயே பூட்டுவோம் என்றேன். எனக்கும் மரியதாஸ் அண்ணைக்கும் அந்த வேலை தெரியாது. ஆனாலும் வந்தார். முதல்நாள் பொழுதுபட, பிக்கப்பின் முன்சில்லை நடைபாதை விளிம்பில் நிறுத்தி, லைற்றைப் போடச் சொன்னார். கராஜ் கதவில் வெளிச்சம் முடிகிற மட்டத்தில் ரேப் என்கிற நீல ஒட்டு நாடா ஒன்றை ஒட்டினார்.

"உதென்ன அண்ணை, கலியாண வீட்டுச் சோடனையோ?" என்று சிரித்தேன்.

"மூக்கு உயர்ந்தா லைற்றும் உயரும். எதிர்ல வாறவன்ர கண்ணுக்குள்ளதான் அடிக்கும். உயத்துறது பெரிசில்லைத் தம்பி, உயத்தினாப் பிறகு லைற்றை இந்த ரேப் மட்டத்துக்குப் பணிய விடவேணும்" என்றார்.

மறுநாள் பிக்கப்பின் மூக்கை ஜக் போட்டுத் தூக்கினோம். "ஜக்கை நம்பிக் கீழ தலையைக் குடுக்காதையும், முண்டுக்கு ஸ்ராண்டை வையும்" என்று என்னைப் பிடித்து இழுத்தார். துருப்பிடித்த ஒரு நட் இரண்டு மணித்தியாலம் எங்களைப் பேய்க்காட்டியது. எல்லாம் பூட்டி இறக்கியதும் பிக்கப் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. இனி லைற்றைப் பணிய விடுவம் என்றார் அவர். "நாளைக்குப் பாப்பம் அண்ணை" என்றேன். அந்த நாளை வரவேயில்லை.

நாங்கள் இருவரும் விடியமுன் ஒன்றாகத்தான் வேலைக்கு வெளிக்கிடுவோம். அவருடைய சின்னக் கார் முன்னால், என் பிக்கப் பின்னால். அவருக்கு அப்போதுதான் கண்ணில் வெள்ளை, அதுதான் கண்புரை, எடுத்திருந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு அறையில், "தம்பி, அந்த லைற்றை ஒருக்காப் பாருமன்" என்றார். எத்தனை பேர் இருந்தீர்கள்! "என்ர லைற்றில பிழையில்லை அண்ணை, உங்கட கண்ணிலதான் பிழை. திரும்பவும் டொக்டரிட்டப் போங்கோ" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார்.

அதற்குப் பிறகு அவர் எனக்காக நிற்கவில்லை. நான் வெளியே வரும்போது அவர் வீட்டு வாசலில் கார் இருக்காது. ஓகோ, பெரியாளுக்குக் கோபமோ என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்தார். வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

உடலை மண்டபத்தில் பார்வைக்கு வைத்த அன்று அவர் மனைவி ஸ்ரெல்லா அக்கா என் கையைப் பிடித்தார். "அவர் உம்மோட கோவமில்லைத் தம்பி. உம்மட லைற் கார்க் கண்ணாடியில பட்டுக் கண்ணைக் குத்துது எண்டுதான் வெள்ளன எழும்பிப் போனவர். சொல்லுங்கோவன் எண்டன். 'ரெண்டு தரம் சொல்லிட்டன். பொடியன் ஆசையா உயத்தினது, விடு. நான் முந்திப் போறன்' எண்டவர்."

எனக்கு அந்த மண்டபத்தில் நிற்க முடியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் துணிவில்லை. நேரே வீட்டுக்கு வந்தேன். பொழுதுபட்டிருந்தது. முன்சில்லை நடைபாதை விளிம்பில் நிறுத்தி லைற்றைப் போட்டேன். மழையிலும் பனியிலும் ஓரம் சுருண்டு, அந்த நீல ரேப் அங்கேயே இருந்தது. வெளிச்சம் அதற்கு எவ்வளவோ மேலே நின்றது. பொனற் மூடியைத் திறந்து ஒரு லைற்றின் சின்னத் திருகாணியைத் திருகினேன். பிறகு மற்றதை. வெளிச்சம் இறங்கி ரேப்பில் வந்து நின்றது. மனைவி ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறவில்லை, வேலை முடிந்துவிட்டது. இதற்காகவா அந்த மனிசனைப் பனிக்காலம் முழுக்க இருட்டோடு எழுப்பினேன்?

அடுத்தநாள் அடக்கத்துக்காகச் சேமக்காலைக்கு எல்லா வாகனத்திலும் லைற் போட்டுக்கொண்டு வரிசையாகப் போனோம். ஸ்ரெல்லா அக்கா இருந்த காருக்குப் பின்னால் என் பிக்கப். என் வெளிச்சம் அந்தக் காரின் பம்பருக்கு மேலே ஏறவில்லை. வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

கராஜ் கதவுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும், ரேப்பைக் கழற்றுங்கோ என்கிறாள் மனைவி. கதவுக்கு அடிக்கலாம். அந்த இடத்தை விட்டுவிட்டு அடிப்பேன். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதையும் அவர் ஒட்டும்போது நான் சிரித்தேன்.