கறுப்பு ஆறு

அடையாறில் ஒரு மொட்டை மாடி, மேலே தகரக் கூரை. ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு. ஓவியம் என்று சொன்னால் நடத்துகிற அம்மாளுக்குக் கோபம் வரும். ‘கிரியேட்டிவிட்டி’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். அங்கே மூன்று வருடம் நானும் டீச்சராகக் குப்பை கொட்டினேன்.

வருடாந்தரக் கண்காட்சியில் பெற்றோருக்கு வரலாறு சொல்வது என் வேலை. வெள்ளைக்காரன் இங்கே ஓவியத்தைப் பாடமாக வைத்தது கைப்பழக்கத்துக்கு. எதிரே ஒரு கூஜா இருக்கும்; அதை அச்சாக வரைய வேண்டும், கோடு பிசகினால் ஃபெயில். பிறகு ஐரோப்பாவில் சிலர் குழந்தைகளின் கிறுக்கலை உற்றுப் பார்த்தார்கள். இதுவும் கலைதான், பெரியவர்கள் கை வைக்காதீர்கள் என்றார்கள். அந்த எண்ணம் கப்பலேறி இங்கேயும் வந்தது. இதையெல்லாம் மைக்கில் வாய் கிழியச் சொல்வேன். அப்பாக்கள் பலமாகத் தலையாட்டிவிட்டு, முதல் பரிசு யாருக்கு என்று கேட்பார்கள். இவர்களுக்கு அந்தக் கூஜாவே ஜாஸ்தி.

கடைசி வருடம் ஏழு வயதுப் பெண் ஒருத்தி ஓர் ஆற்றை வரைந்தாள். தாள் முழுக்க ஒரே கறுப்பு, ஓரத்தில் ஒரு கொக்கு. தினமும் பள்ளி வேனில் சைதாப்பேட்டைப் பாலத்தில் அடையாற்றைத் தாண்டுகிறவள். வேறெந்த நிறத்தில் வரைவாள்? மூன்று வாரம் நாக்கைத் துருத்திக்கொண்டு பூசினாள். அந்த மாடியில் நான் பார்த்த ஒரே உண்மையான படம் அதுதான்.

கண்காட்சிக்கு முந்தின நாள் நடத்துகிற அம்மாள் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா மேடம் இது, சாக்கடை மாதிரி கீது. லைட்டா டச்-அப் பண்ணிடுங்க.”

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. வெள்ளையடித்து, மேலே நீலம் பூசி, ஒரு படகும் போட்டேன். கொக்கு படகுக்கு அடியில் போயிற்று. ஊருக்குத்தான் உபதேசம், தூ.

மறுநாள் ‘கை வைக்காதீர்கள்’ என்று நான் பேசி முடித்ததும் கைதட்டல். அந்தப் பெண் சுவரோரமாக இரண்டு சுற்று நடந்தாள். நீல ஆற்றின் கீழே அவள் பெயர் ஒட்டியிருந்தது. அவள் அம்மா அவளை அதன் பக்கத்தில் நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, செல்போனில் படம் எடுத்தாள்.

“இது என்னோடது இல்லம்மா. என்னோடதக் காணோம்.”

அம்மா அவள் தோளைக் கிள்ளினாள். அவள் அழவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

“மிஸ், என் ஆத்தப் பாத்தீங்களா?”

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“இல்லையே கண்ணு” என்றேன்.